கேமரா மேல ஒரு சிவப்புப் பொட்டு

பின்னே கேளுட்டி, ஒரே ஒரு பறவையப் படம் பிடிக்க மூணு நாளா குளத்தங்கரையில நின்னாம்லா, அந்த நெட்டையன்? அவன் கேமராவுல கை நீளத்துக்குக் குழல். அதுல துளி எடந்தான் தெரியும், நேரா பாத்தா பறவை சிக்காதாம். அதுக்குத்தான் மேல சின்னக் கண்ணாடி, உள்ள சிவப்புப் பொட்டு. பொட்ட எதுமேல வைக்கமோ, அது குழல்ல தெரியும்.

"பொட்டு பறவையச் சுடாதா மக்கா?"ன்னு கேட்டேன்.

"பறவைக்குத் தெரியவே தெரியாது ஆச்சி. நீங்க பாருங்க."

அக்கரை கோரைக்குள்ள கருப்பா என்னமோ அசைஞ்சுது. பொட்ட அதுமேல வச்சு, குழல்ல பாத்தா, ஒரு வாரமா தேடுன என் மணிலா வாத்து! முட்டைமேல இருக்கு! நான் போட்ட கூச்சல்ல அவன் பறவை பறந்துட்டு.

ஏசுவான்னு நெனச்சேன். "வாத்தும் பறவைதான ஆச்சி"ன்னு அதைப் படம் எடுத்தான். மூணு நாள் நின்னவனுக்கு எப்பிடிட்டி சிரிப்பு வந்துது?

ஏட்டி, அந்தா நாய் கோரைப் பக்கம் போவுது! கம்ப எடு!