சிவப்பு மையில் எழுதாத வரி

என் மனைவி கனடாவுக்குப் போகாமல் நின்றதற்குக் காரணம் நான்தான். பிரெஞ்சு தன் நாக்குக்கு வரவில்லை என்று அவள் நம்புகிறாள். வந்தது! நன்றாகவே வந்தது. அதை அவளிடம் சொல்லாமல் மறைத்தவன் நான்.

நீங்கள் என் நகைச்சுவைக் கட்டுரைகளில் ஒன்றிரண்டைப் படித்திருக்கலாம். இதில் சிரிக்க எதுவும் இல்லை. இருந்தால், அது என் மூஞ்சியாகத்தான் இருக்கும்.

தேவகி தருமபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். அப்போது அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. கனடாவில் பிரெஞ்சு பேசும் பகுதியில் முதியோர் இல்லங்களுக்கு நர்ஸ் வேண்டுமாம். மொழித் தேர்வில் தேறினால் கணவனோடு போகலாமாம். கேட்ட அன்றைக்கே ஆரம்பித்துவிட்டாள். பிரிட்ஜ், அரிசி டப்பா, குளியலறைக் கதவு என்று எதைப் பார்த்தாலும் பிரெஞ்சுப் பெயர் எழுதிய சீட்டு. என் முதுகு ஒன்றுதான் தப்பித்தது. சமைக்கும்போது குக்கரிடம் பிரெஞ்சில் பேசுவாள். குக்கரும் விசிலடித்து ஆமோதிக்கும்.

பாண்டிச்சேரியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைப் பிடித்தாள். அவர் முறை எளிது. தினமும் ஐந்து நிமிடம் பேசிப் பதிவு செய்து வாட்ஸப்பில் அனுப்ப வேண்டும். அவர் கேட்டுவிட்டு, நிறைகுறைகளைத் தமிழில் பேசி அனுப்புவார். ஸ்மார்ட்போன் என்னிடம்தான் இருந்தது; அவளுடையதை மகள் கல்லூரி விடுதிக்குக் கொண்டுபோயிருந்தாள்.

"ஏங்க, டூட்டி முடிஞ்சு வூட்டுக்கு வந்தா கண்ணு சொருகுது. மாஸ்டர் சொல்றத ஒரு நோட்டுல எழுதி வையுங்களேன். காலையில பஸ்ஸுல படிச்சுக்கறேன்" என்றாள்.

எழுதினேன். நான் அச்சகத்தில் புரூஃப் திருத்துகிறவன். வரியில் தவறு இருந்தால் சிவப்பு மை. சரியாக இருந்தால் அந்த வரிக்கு ஒரு புள்ளிகூடக் கிடையாது. இருபது வருடப் பழக்கம். முதல் வாரம் அந்தப் பழக்கத்தில்தான் மாஸ்டரின் பாராட்டுகளை விட்டுவிட்டுத் தவறுகளை மட்டும் எழுதினேன். சத்தியமாக!

இரண்டாம் வாரம்...? இல்லை. அது பழக்கம் இல்லை.

பயம். பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் நான் ஒரு வரி சொன்னால் நாலு பேர் சிரிப்பார்கள். கனடாவில் நான் யார்? பனியில் குல்லா போட்டுக்கொண்டு நிற்கும் நர்ஸம்மாவின் வீட்டுக்காரர்! நானும் அவளோடு பிரெஞ்சு படிக்க உட்கார்ந்தவன்தான். பத்தாவது நாள் எழுந்துவிட்டேன். எனக்குப் புரியாத ஒரு மொழியில் அவள் யாருடனோ சிரித்துப் பேசுவாள் என்பதை என்னால் தாங்க முடியவில்லை... அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவனுக்கு இவ்வளவு சின்ன மனசு!

மூன்றாம் மாதம் மாஸ்டரின் குரல் வந்தது. "சார், அம்மா தயாராயிட்டாங்க. பரீட்சைக்குப் பேர் குடுக்கச் சொல்லுங்க. எதிர்ல நோயாளி உட்கார்ந்திருக்கிற மாதிரியே, அவ்வளவு கனிவாப் பேசறாங்க. இதுக்கு மேல நாள் கடத்தினா பயம் வந்துடும். இறந்த காலம் மட்டும் ரெண்டு இடத்துல தப்பு, பரவாயில்ல."

நோட்டில் நான் எழுதியது இது: 'இறந்த காலம், இரண்டு இடத்தில் தவறு.'

பொய் ஒன்றும் எழுதவில்லை, பாருங்கள்! அப்படி ஒரு சாமர்த்தியம்!

அடுத்த மாதம் அவள் நோட்டை மூடினாள். "ஒரு நாளாவது தப்பில்லாம இருந்திருக்கா பாருங்க. பாவம் மாஸ்டரு, வேணாம்மான்னு சொல்ல மனசு வராம இருக்காரு. எனக்கு இது ஏறாதுங்க. விட்டுரலாம்."

"உன் இஷ்டம்" என்றேன். என்ன பெருந்தன்மை! மாஸ்டருக்கு, 'அவளுக்கு வேலை அதிகம், இப்போதைக்கு முடியாது' என்று நானே பதில் போட்டேன். சீட்டுகளை அவளே நகத்தால் சுரண்டி எடுத்தாள். பிரிட்ஜில் பசைத் தடம் இன்னும் இருக்கிறது.

இரண்டு வருடம் போயிற்று. சென்ற மாதம் ஒகேனக்கல் பாறையில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்ட ஒரு பிரெஞ்சுக்காரப் பெண்மணியை அவளுடைய மருத்துவமனைக்குத் தூக்கி வந்தார்கள். வேறு மொழி தெரியாமல் வலியில் கத்தியிருக்கிறார். தேவகி பக்கத்தில் போய் உட்கார்ந்து வாயைத் திறந்திருக்கிறாள். எங்கே வலி, என்ன மருந்து ஒத்துக்கொள்ளாது, யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும்... அரை மணி நேரம்!

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள். "அந்தம்மா என் கையப் புடிச்சுக்கிட்டு, நீ எத்தன வருசம் எங்க ஊர்ல இருந்தேன்னு கேக்கறாங்க!"

அந்த முகத்தை நான் இரண்டு வருடமாகப் பார்த்திருக்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அணைந்தது.

"வலியில கெடக்கறவங்க... ரெண்டு வார்த்த யார் பேசினாலும் அப்படித்தான் சொல்லுவாங்க. இல்லீங்களா?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எது? நீங்களே சொல்லுங்கள்.

"ஏங்க, மாஸ்டரு ஒரு தடவையாவது நல்லாப் பேசறேன்னு சொன்னாருங்களா?"

போன் என் சட்டைப்பையில் இருந்தது. மாஸ்டரின் குரல் முழுவதும் அதில் இருக்கிறது. ஒன்றைக்கூட நான் அழிக்கவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள்... எனக்கே தெரியவில்லை.

"ஞாபகமில்லையே" என்றேன்.

"சொல்லியிருந்தா நீங்க எழுதியிருப்பீங்களே" என்றாள் தேவகி. பிறகு குனிந்து செருப்பைக் கழற்றினாள்.