பாறைமேல் பன்னிரண்டு படி வடகம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இல்லையென்றால் ஒரு பாறையை நம்பி மாமியாரிடம் சவால் விட்டிருப்பேனா?

அறுபதுகளின் நடுவில், செஞ்சி பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்த குடும்பத்துக்கு நான் மூத்த மருமகள். கடைக்குப் பின்னாலேயே வீடு. முன்னால் தராசு, பின்னால் அடுப்பு, நடுவில் மூட்டைகள். கொழுந்தனுக்குக் கல்யாணமாகி இன்னொரு மருமகள் வந்ததும் படுக்க இடம் போதவில்லை. தனியாகப் போகலாம் என்று முதலில் சொன்னது என் வீட்டுக்காரர் இல்லை, நான்தான். திருவண்ணாமலை சாலையில், கோட்டை மலையடிவாரத்தில் ஒரு ஓட்டு வீடு வாடகைக்குக் கிடைத்தது. அக்கம்பக்கத்தில் நாலே வீடு. கொல்லைக் கதவைத் திறந்தால் மலைதான்.

மாமியார் கொதித்துப் போனார். "குரங்கோட குடித்தனம் பண்ணப் போறியா? அந்த வூட்டு வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன். ஆறு மாசத்துல நீயே மூட்டையக் கட்டிக்கினு வருவ, பாரு."

சொன்னபடியே, தை மாதம் நாங்கள் பால் காய்ச்சிய அன்று அவர் வரவில்லை. பால் பொங்கி அடுப்பில் வழிந்தபோது நான் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் பாதி, அழுகை பாதி.

பங்குனியில் நாத்தனாருக்கு வரன் அமைந்தது. வைகாசியில் கல்யாணம். எங்கள் வீட்டு வழக்கப்படி, பெண்ணோடு போகிற சீரில் பன்னிரண்டு படி அரிசிக்கு வடகம் போக வேண்டும். அதைப் போடுகிற பொறுப்பு மூத்த மருமகளுடையது. சம்பந்தி வீட்டார் நகையைப் பார்ப்பதற்கு முன்னால் வடகத்தைப் பொரித்துப் பார்ப்பார்கள் என்று பஜாரில் வேடிக்கையாகச் சொல்வார்கள். பாதி வேடிக்கைதான்.

கொல்லைக்குப் பின்னால் ஒரு கல்யாணப் பந்தியே உட்காரும் அளவுக்கு அகலமான பாறை இருந்தது. பஜார் வீட்டு மாடியில் செய்கிற மாதிரியே செய்தேன். விடியற்காலையில் கூழ் காய்ச்சி, பாறையில் ஈர வேட்டியை விரித்து, கரண்டி கரண்டியாக ஊற்றி, காக்காய் வராமலிருக்கப் பக்கத்தில் கறுப்புக் குடையை விரித்து வைத்துவிட்டு உள்ளே போனேன். பஜாரில் எங்களுக்குத் தெரிந்த ஒரே எதிரி காக்காய்தான்.

அரை மணி கழித்து வந்து பார்த்தால், ஏழெட்டுக் குரங்குகள் வேட்டியைச் சுற்றி உட்கார்ந்து கூழை வழித்துத் தின்றுகொண்டிருந்தன. ஒரு கிழட்டுக் கடுவன் குடை நிழலில் சுகமாக உட்கார்ந்திருந்தது. நான் கத்தியதும் குடையோடு கிளம்பிப் புளியமரத்தில் ஏறிக்கொண்டது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அடுப்படிக்குப் போய் அழுதேன்.

செய்தி சாயங்காலத்துக்குள் பஜாருக்குப் போய்விட்டது. என் வீட்டுக்காரர் சைக்கிளை நிறுத்தியபடியே அம்மா சொன்னதை ஒப்பித்தார்: "வடகம் காய வைக்க முடியாத வூடு ஒரு வூடா? இங்க வந்து போடச் சொல்லு, அப்படியே இங்கயே இருக்கச் சொல்லு."

"நீ இன்னா சொல்ற?" என்று கேட்டார். அவருக்கும் திரும்பிப் போக ஆசை இருந்தது, முகத்தில் தெரிந்தது.

"பன்னெண்டு படியும் இந்தப் பாறையிலதான் காயும். காயலைன்னா நானே மூட்டையக் கட்டறேன்னு உங்க அம்மாகிட்ட சொல்லுங்க."

சொல்லிவிட்டேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் அவர் கடைக்குப் போனதும் ஒரு கம்பை எடுத்துக்கொண்டு குரங்குகளின் பின்னால் கிளம்பினேன். அவை எப்போது வருகின்றன, எங்கே போகின்றன என்று தெரிய வேண்டும். இந்த வீட்டுக்கு வரும்வரை நான் புளியை மூட்டையில் பார்த்தவள், மரத்தில் பார்த்ததில்லை. எருக்கம்புதர் தாண்டி, சப்பாத்திக் கள்ளி சேலையைக் கிழிக்க, ஆவாரம்பூ உதிர்ந்து கிடந்த ஒற்றையடித் தடத்தில் ஏறினேன். காலடியிலிருந்து கௌதாரிகள் படபடவென்று எழும்பின. ஒரு உடும்பு என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு அவசரமில்லாமல் போனது. பாறை இடுக்கில் ஒரு சுனை, சுற்றிலும் சீத்தாச் செடிகள். அந்தத் தண்ணீரை ஒரு கை அள்ளிக் குடித்தேன். பஜாரில் எந்தப் பானையிலும் அப்படி ஒரு குளிர்ச்சி இல்லை. இத்தனையும் என் கொல்லைக்குப் பின்னால் இருக்கிறது என்று நினைத்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

நாலு நாள் போனேன். குரங்குகளுக்கும் கடைக்காரரைப் போல நேரம் காலம் இருந்தது. விடிந்ததும் புளியமரத்திலிருந்து இறங்கி வீடுகளைச் சுற்றும். வெயில் ஏறியதும் சுனைக்குப் போய்த் தண்ணீர் குடிக்கும். அதற்குப் பிறகு மேலே இருந்த குகை நிழலில் படுத்து ஒன்றுக்கொன்று பேன் பார்க்கும். வெயில் தாழும்வரை கீழே இறங்குவதில்லை. ஏன் இறங்கும்? என் பாறையில் அப்போது கால் வைத்தால் தோல் உரிந்துவிடும்.

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. மாடியில் விடியற்காலையில் வடகம் ஊற்றி மூன்று நாள் காய வைப்போம். இந்தப் பாறைக்கு அது தேவையில்லை, மேலே சூரியன், கீழே சுடுகல்.

கூழைப் பொழுது ஏறிய பிறகு காய்ச்சினேன். குரங்குகள் மலையேறியதும், ஈரச் சாக்குகளைப் போட்டு அவற்றின்மேல் நடந்து, வேட்டிகளை விரித்து மெலிசாக ஊற்றினேன். வேப்பமர நிழலில் கம்போடு உட்கார்ந்து காக்காயை விரட்டினேன். மூன்று மணிக்கெல்லாம் மொறுமொறுவென்று ஆகியிருந்தது. வேட்டியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்ததும் அப்பளமாகக் கையில் வந்தது. நாலு மணிக்குக் கடுவன் தன் படையோடு இறங்கி வந்து வெறும் பாறையை முகர்ந்து பார்த்தது. கொல்லைக் கதவுக்குப் பின்னால் நின்று அதற்குப் பழிப்புக் காட்டினேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, காட்டலாம்.

தினம் இரண்டு படி வீதம் ஆறு நாள். உள்ளங்கால் கொப்பளித்தது, முகம் கறுத்தது. ஏழாம் நாள் இரண்டு பெரிய தகர டின்களை மாட்டு வண்டியில் வைத்துக்கொண்டு பஜாருக்குப் போனேன். மாமியார் எண்ணெய் காய வைத்து ஒரு வடகத்தைப் போட்டார். அது மல்லிகை வெள்ளையில் சட்டி கொள்ளாமல் விரிந்தது. கடித்துப் பார்த்தார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, "எங்க பெரிய மருமவ போட்டது, சாப்டு பாரு" என்றார். எனக்குக் கிடைத்த பட்டங்களில் இன்றைக்கும் அதுதான் பெரியது.

ஆனால் வாசற்படியை மட்டும் அவர் மிதிக்கவில்லை. கல்யாணம் முடிந்து தீபாவளி போனது, பொங்கல் போனது. அடுத்த பங்குனியில் ஒரு நாள் வீட்டு வாசலில் மாட்டு வண்டி நின்றது. மாமியார் இறங்கினார். இடுப்பில் மாவுத் தூக்கு, தோளில் பழைய வேட்டிகள், கையில் ஒரு கறுப்புக் குடை.

"எந்தப் பாறைடி அது?" என்றார், ஏதோ போன வாரம்தான் வந்துவிட்டுப் போனவர் மாதிரி.

"காட்டறேன் அத்தை. குடைய மட்டும் வண்டியிலயே வச்சுடுங்க." புளியமரத்து உச்சியில் எங்கள் பழைய குடையின் கம்பிகள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. அதைக் கையால் காட்டினேன். அவர் அண்ணாந்து பார்த்தார். உதட்டைக் கடித்தும் சிரிப்பு அடங்கவில்லை.

உள்ளே கூட்டி வந்து அடுப்பெதிரில் பலகை போட்டு உட்கார வைத்துப் பாலை ஏற்றினேன். பால் பொங்கியது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"பால் வழியுதுடி, எறக்கு!"

"வழியட்டும் அத்தை. அன்னிக்கு நீங்க பாக்கலியே."