நந்தி காதில் நான் போட்ட சத்தம்

அடியார்கள் எல்லோருக்கும் வணக்கம். என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன் நான். பொறுத்துக்கொண்டு படியுங்கள். அண்ணாமலையார் எங்களுக்குச் செய்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

1985-ம் வருடம். என் மகள் செல்வி இரண்டாம் வகுப்பில் இருந்தாள். ஒருநாள் பெரிய வாத்தியார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உம் பொண்ணு மக்குப்பா. கூப்பிட்டா திரும்பக்கூட மாட்டேங்குறா. இந்த வருஷத்தோட நிறுத்திடு" என்றார்.

செல்விக்குக் காது மந்தம். காதருகே போய்ச் சத்தமாகச் சொன்னால் எல்லாம் புரிந்துகொள்வாள். வீட்டில் விரலை மடக்கிக் கணக்குப் போடுவாள். இதைச் சொல்ல வாயெடுத்தேன். வார்த்தை வரவில்லை. நான் அப்படித்தான். மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தைக்கிறேன். மூட்டையோடு பேச வேண்டியதில்லை. கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

என் மனைவி பச்சையம்மா அன்று சாப்பிடவில்லை. "நாம இருக்கிற வரைக்கும் கத்திப் பேசுவோம். அப்புறம் அவகூட யாருங்க பேசுவாங்க?" என்று அழுதாள்.

அந்த வாரமே பிரதோஷம் வந்தது. செல்வியைக் கூட்டிக்கொண்டு மலை சுற்றும் பாதையில் உள்ள ஒரு சின்னக் கோயிலுக்குப் போனேன். அபிஷேகம் முடிந்ததும் நந்தி காதில் வேண்டுதல் சொல்ல வரிசை நின்றது. என் முறை வந்தது. நந்தியின் ஒரு காதைக் கையால் மூடிக்கொண்டு மறு காதில் வாய் வைத்தேன். காது என்றாலே எனக்கு மகள் காதுதான் பழக்கம்.

"எம் பொண்ணுக்குக் காது கேக்கல சாமி! ஸ்கூல விட்டு நிறுத்தச் சொல்றாங்க! அவ மக்கு இல்ல சாமி!"

கோயிலே அதிர்ந்தது. பின்னால் நின்ற ஒரு அம்மா, "யோவ், நந்திக்குக் காது நல்லாத்தான் கேக்குது. மெதுவா சொல்லுய்யா!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பதைப் பார்த்துச் செல்வியும் சிரித்தாள். எனக்கு மானம் போயிற்று. பிரசாதம்கூட வாங்காமல் வெளியே வந்தேன்.

"அண்ணே, நில்லுங்க."

வரிசையில் நின்ற ஒரு பெண் ஓடி வந்தார். வேலூரில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் டீச்சராம். லீவுக்குத் தாய்வீடு வந்திருக்கிறார். செல்வியின் முதுகுக்குப் பின்னால் நின்று கை தட்டினார். அவள் திரும்பவில்லை. பிறகு முன்னால் உட்கார்ந்து, மண்ணில் கணக்கு எழுதினார். செல்வி விடையை எழுதினாள்.

"நல்ல புத்திசாலிப் பொண்ணு. வேலூர் பெரியாஸ்பத்திரியில காதைச் சோதிச்சு சர்டிபிகேட் வாங்குங்க. கல்வி ஆபீஸ்ல குடுங்க. இதே ஸ்கூல்ல படிக்கலாம். காதுல மாட்ட மிஷின் தருவாங்க, தனி டீச்சர் வருவாங்க. ஆனா நீங்கதான் போய்க் கேக்கணும்."

"எனக்குப் பேச வராதும்மா."

"இப்பப் பேசினீங்களே, ஊருக்கே கேட்டுதே!"

வேலூருக்குப் பல தடவை பஸ் ஏறி அலைந்தேன். ஒவ்வொரு மேஜை முன்னாலும் நின்று, "அண்ணாமலையாரே" என்று சொல்லிக்கொண்டு வாயைத் திறந்தேன். "இன்னா வேணும்?" என்று அதட்டியவரிடமும் கேட்டேன்.

அடுத்த வருடம் உத்தரவு வந்தது. வாரத்தில் இரண்டு நாள் தனி டீச்சர் வந்தார். பெரிய வாத்தியாரே செல்வியை முதல் வரிசையில் உட்கார வைத்தார். மிஷினும் வந்தது. சட்டையில் மாட்டும் சின்னப் பெட்டி, காதுக்கு ஒரு ஒயர். மாட்டிவிட்டு, வழக்கம்போல் காதருகே குனிந்து, "செல்வி, கேக்குதா?" என்றேன்.

அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு என்னைத் தள்ளினாள்.

"ஏன் நைனா கத்துற?"

பச்சையம்மா சிரித்தாள். நான் உட்கார்ந்து அழுதேன்.

இப்போது செல்வி ஆறாவது படிக்கிறாள். வாயாடி. நானும் நாலு பேரிடம் பேசுகிறேன். மண்டியில் ஒருவர் தன் மகனுக்குப் பார்வை சரியில்லை என்றார். நானே அவரை ஆபீசுக்குக் கூட்டிப்போனேன்.

பிள்ளையை நினைத்து வீட்டுக்குள் அழுகிறவர்களே, அண்ணாமலையாரிடம் கேளுங்கள். அவர் கைகாட்டும் மனிதரிடமும் கூச்சப்படாமல் கேளுங்கள். அவர் கைவிட மாட்டார்.

1989, ஆவணி 5.