வடாலாவில் நான் திருப்பிய ரயில்

மாமா சொன்ன பொய்களில் நான் அதிகம் உழைத்தது இந்த ஒன்றுக்காகத்தான். "ரயிலுக்கு ஏது ஸ்டீரிங்? வளைவுல நாமதான் சாயணும்ட்டி" என்றார். அதன்பின் ஹார்பர் லைனில் எந்த வளைவு வந்தாலும் இருவரும் சாய்வோம். ரயிலும் மறுபேச்சில்லாமல் திரும்பும். மற்றவர்கள் சும்மா உட்கார்ந்து வருவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எனக்கு ஏழு வயதிருக்கும்போது மாமாவுக்குச் செம்பூரில் பெண் பார்த்தார்கள். வேலை இருக்கிறதென்று ஏற்கெனவே நழுவியவர் என்பதால், அன்று மஸ்ஜித் ஸ்டேஷன் பக்கம் அவர் வேலை பார்த்த கடைக்கு அவரோடு என்னையும் காவலுக்கு அனுப்பினாள் அம்மா. "சாயங்காலம் மாமாவ கையோட செம்பூருக்குக் கூட்டிட்டு வந்துரு."

கல்யாணமானால் மாமா தாராவியை விட்டு டோம்பிவிலிக்குப் போய்விடுவார் என்று வீட்டில் பேச்சு. பிறகு என்னோடு சாய யார் இருக்கிறார்கள்? நினைக்கவே அழுகை வந்தது.

சாயங்காலம் கடையிலிருந்து கிளம்பி ரயிலேறினோம். வடாலாவைத் தாண்டியதும் தடம் பிரியும். வலப்பக்கம் செம்பூர், இடப்பக்கம் மாஹிம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இடப்பக்கம் சாய்ந்தேன். பக்கத்திலிருந்தவரின் டிபன் பைமேல் தலை போய் முட்டியது. "அரே பேட்டி, க்யா ஹுவா?" என்று பதறினார். நான் விடவில்லை. ரயில் இடப்பக்கமே திரும்பியது!

"அடடா, வண்டி மாறி ஏறிட்டோமே" என்றார் மாமா, கொஞ்சமும் பதறாமல். அன்று அவர் சாயவே இல்லை.

மாஹிமில் இறங்கினோம். பிளாட்பாரத்தில் ஓர் அக்கா, "எவ்வளவு நேரமா நிக்கேன்!" என்று மாமாவைக் கடிந்துகொண்டு, எனக்கு ஃபலூடா வாங்கித் தந்தார்.

செம்பூரில் காத்திருந்து அவமானப்பட்டுத் திரும்பிய அம்மா ஆடித் தீர்த்துவிட்டாள். "தெனம் ரயில்ல போறவனுக்கு வண்டி தெரியாதாக்கும்?" மாமா என்னைக் கைகாட்டினார். "இவதான் சாஞ்சா." நான் பெருமையோடு தலையாட்டினேன்.

ரயில் சக்கரத்தின் உள்பக்கம் சற்றுப் பருத்தும் வெளிப்பக்கம் ஒடுங்கியும் இருக்கும் என்று பாலிடெக்னிக்கில்தான் படித்தேன். வளைவில் வெளிச் சக்கரம் பருத்த பாகத்திலும், உள்சக்கரம் ஒடுங்கிய பாகத்திலும் உருளுவதால் வண்டி தானே திரும்பிக்கொள்கிறது. எந்தத் தடத்தில் போவது என்பதைத் தண்டவாளத்தை முன்பே நகர்த்தி வைத்துத் தீர்மானித்துவிடுகிறார்கள். என் உழைப்பெல்லாம் வீண்.

அந்த அக்கா மறுவருஷமே எனக்கு அத்தையாகி, மாமாவை டோம்பிவிலிக்கே கூட்டிக்கொண்டு போனார். நான் ரயிலை மாஹிமுக்குத் திருப்பப்போகிறேன் என்று அவருக்கு எப்படி முன்கூட்டியே தெரிந்தது என்பதுதான் அன்று எனக்கு விளங்கவில்லை.