எட்டுக் கால் வால்வும் ஐந்து துளை ஹோல்டரும்

மின்சாரச் சாமான் கடையில் நிற்பவனுக்குத் தெரிந்த உண்மை ஒன்றே ஒன்றுதான்: வாடிக்கையாளர் கையில் இருக்கும் பிளக்குக்குப் பொருந்துகிற சாக்கெட், அந்தக் கடையைத் தவிர உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் இருக்கும். மேஜைக்குப் பின்னால் நின்று நின்று கால் வீங்கிய சகோதரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

அது உலகச் சண்டைக் காலம். கப்பல் வந்தால்தான் சரக்கு. கப்பலோ வருவதாக இல்லை. திருவனந்தபுரத்தில் பழவங்காடிப் பிள்ளையார் கோவிலுக்கு நாலு கடை தள்ளி எங்கள் கடை. முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. அவருடைய அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தவர். அந்தக் கடைச் சட்டங்களை மகன் அப்படியே மின்சாரத்துக்கும் கொண்டுவந்துவிட்டார். முதல் சட்டம், கடைக்குள் 'இல்லை' என்ற சொல் காதில் விழக் கூடாது. விழுந்தால் லட்சுமி எழுந்து போய்விடுவாளாம். உளுந்து தீர்ந்தால் 'நாளைக்கு வரும்' என்று சொல்லலாம். மறுநாள் பக்கத்துச் சாலைக் கடைத்தெருவிலிருந்து வந்தும்விடும். அமெரிக்காவில் செய்கிற சாமானுக்கும் அதே பதிலைத்தான் சொல்ல வேண்டும் என்றார்.

சொம்புக்குள் வந்த வால்வு

கரமனை அக்கிரகாரத்துச் சேஷையர் சர்க்கார் கச்சேரியில் தலைமைக் குமாஸ்தா. ஒரு நாள் பித்தளைச் சொம்பு ஒன்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கடைக்கு வந்தார். உள்ளே பஞ்சு, பஞ்சுக்குள் பல்பு மாதிரிக் கண்ணாடியில் ஒரு ரேடியோ வால்வு. கொழும்பிலிருந்து உறவுக்காரர் கொண்டுவந்தது. ஏதோ பத்திரிகையில் படம் பார்த்து, ஒரு பலகைமேல் தாமே ரேடியோ கட்டிக்கொண்டிருந்தார் ஐயர். எல்லாம் முடிந்துவிட்டது. வால்வைச் செருகி வைக்க ஒரு ஹோல்டர் மட்டும் வேண்டும். வால்வு அமெரிக்க வால்வு, எட்டுக் கால். எங்களிடம் இருந்த ஹோல்டரெல்லாம் சீமைச் சரக்கு, ஐந்து துளை.

திருச்சியில் கட்டிக்கொடுத்த அவருடைய பெண் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்குத் திருச்சி ரேடியோவில் பாடப் போகிறாள். கால் மணி நேரக் கச்சேரி. அவர் தெருவில் ரேடியோ இருந்த ஒரே வீட்டுக்காரர், 'குடும்பப் பெண் ஊரெல்லாம் கேட்கப் பாடுவதாவது' என்று நாலு பேர் நடுவே சொன்னவர். அந்த வீட்டு வாசலை ஐயர் மிதிக்க மாட்டார். இந்த ஊரில் கேட்டால் தாம் கட்டிய செட்டில்தான் கேட்பார். விஷயத்தைக் கேட்டதும் 'இல்லை' என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். பின்னாலிருந்து அண்ணாச்சி கனைத்தார். "நாளைக்கு வரும் சாமி" என்றேன்.

ஐயர் முகம் மலர்ந்து போயிற்று. "நாளைக்கா? பேஷ்! எத்தனை மணிக்கு வரட்டும்?"

முதல் போணி

மறுநாள் கடை திறக்கும்போதே ஐயர் வாசலில் நின்றார். இங்கேதான் அண்ணாச்சியின் இரண்டாவது சட்டம் குறுக்கே வந்தது. முதல் போணிக்கு வந்தவர் வெறுங்கையோடு திரும்பக் கூடாது. திரும்பினால் அன்றைய வியாபாரம் விளங்காது. ஆகவே அண்ணாச்சி ஐந்து துளை ஹோல்டர் ஒன்றைத் தம் கையாலேயே துடைத்து, "இப்போதைக்கு இதை வச்சுக்கிடுங்க சாமி, எட்டுல அஞ்சு அடக்கம்தானே" என்றார். இந்தக் கணக்கைக் கேட்டு எனக்கே புல்லரித்தது.

ஐயர் விடாமல் தினமும் வந்தார். தினமும் அவரே முதல் போணி. டார்ச் பல்பு, முதலை வாய் கிளிப்பு, இரண்டு கால் பிளக்கு, மூன்று கால் பிளக்கு என்று எதையாவது அவர் கையில் திணித்து அனுப்பினோம். முப்பது வருஷமாக மனுக் கொடுக்க வந்தவர்களை 'நாளைக்கு வாரும்' என்று திருப்பி அனுப்பிய மனிதர் அவர். அதே வார்த்தையைத் தம்மிடம் சொன்னபோது பச்சைக் குழந்தை மாதிரி நம்பினார். ஆனால் அந்த ஐந்து துளை ஹோல்டரை வாங்கிய அன்று மட்டும் படியிறங்குமுன் என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். "ஏண்டாப்பா வேலாயுதம், பாக்கி மூணு காலையும் வால்வை எங்கே நீட்டிண்டு இருக்கச் சொல்றது?"

குச்சி வைத்தியம்

ஊருக்கு ஒரு நிபுணர் உண்டல்லவா? எங்களுக்கு ஓவர்சியர் நாயர். பிளக்கே ஒரு ஏமாற்று வேலை என்பது அவர் கட்சி. அவர் வீட்டில் எந்தச் சாமானிலும் பிளக் கிடையாது. கம்பியின் தோலை உரித்து, சுவர்த் துளைக்குள் நேராக விட்டு, பக்கத்தில் தீக்குச்சியைச் செருகி இறுக்கிவிடுவார். ஒரு நாள் ஐயரும் கடையில் இருந்தபோது அவர் கதையைக் கேட்டு, "சாமிக்கு எந்தினா ஹோல்டர்? எட்டுக் காலிலும் எட்டுக் கம்பியைச் சுற்றினால் தீர்ந்தது" என்றார். யோசனை எனக்கும் சரியாகத்தான் பட்டது. அவர் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். தம் முறை எவ்வளவு பத்திரமானது என்று காட்ட, எங்கள் மேஜை விளக்கின் பிளக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கம்பியைச் சுவரில் விட்டுக் குச்சியைச் செருகினார்.

'பட்' என்று ஒரு சத்தம். எங்கள் கடையும் பக்கத்து ஜவுளிக் கடையும் ஒன்றாக இருண்டன. வெளிச்சத்துக்கு வாசல் கதவை அகலத் திறந்தபோது ஐயர் சொம்பை மார்போடு அணைத்துக்கொண்டு அதற்குள் தெருவுக்குப் போய் நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. இனி யார் என்ன சொன்னாலும் அந்த வால்வில் அவர் கம்பி சுற்ற விடப் போவதில்லை என்று தெரிந்துபோயிற்று. நாயர் கருகிய விரலை ஊதிக்கொண்டே எங்களுக்கு நிதானமாகத் தைரியம் சொன்னார். "ஒண்ணும் பேடிக்க வேண்டா. இது குச்சியோட குற்றமாக்கும்."

மதராஸ் மனிதர்

மாதம் பாதிக்குமேல் போனபிறகு மதராஸ் கம்பெனி ஒன்றின் ஏஜெண்டு வந்தார். கோட்டு, தொப்பி, கை கனக்கும் கேட்லாக். கேட்லாக்கில் எட்டுத் துளை ஹோல்டரின் படமே இருந்தது! ஐயரும் அன்று கடையில் இருந்தார். படத்திலிருந்த துளைகளை ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினார். எட்டு. மறுபடியும் எண்ணினார். எட்டேதான். அவர் கண் கலங்கியதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. அண்ணாச்சியைக் கேட்காமலே ஆர்டர் எழுதிக் கொடுத்தேன்.

"எப்போது வரும்?" என்று கேட்டேன். "நாளைக்கே அனுப்பிவிடுகிறோம்" என்றார் ஏஜெண்டு. அந்தப் பதில் எங்கிருந்து பிறக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? வாசல்வரை கூடப் போய், "ஐயா, உண்மையைச் சொல்லுங்கள், சரக்கு இருக்கிறதா?" என்று கெஞ்சினேன். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சொன்னார். "தம்பி, எங்க கம்பெனியில இல்லைங்கற பேச்சே கிடையாது."

வெள்ளிக்கிழமை

அன்று ஐயர் முதல் போணிக்கு வரவில்லை. சர்க்கார் வேலைக்கு லீவு போட்டு, முகக்ஷவரம் செய்து, சலவை வேஷ்டி கட்டிக்கொண்டு பத்து மணிக்கு வந்தார். கையில் அதே சொம்பு. வீட்டில் மாமி அந்தப் பலகைக்குக் கோலம் போட்டுக்கூட வைத்துவிட்டாளாம். "ஆறரைக்குத்தான் பாட்டு. இன்னும் நாழி இருக்கு. வந்துடுத்தோ?" என்று கேட்டார்.

அண்ணாச்சி கனைத்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. "இல்லை சாமி" என்றேன். ஒரு தடவை சொன்னதும் வாய் பழகிவிட்டது. "இல்லை. இங்கே இருந்ததே இல்லை. மதராஸிலும் இல்லை. இனி வரப் போவதும் இல்லை. முதல் நாளே தெரியும்." அண்ணாச்சி, "ஏலே, வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்னல சொல்லுதே!" என்று அலறினார். ஐயர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சொம்பைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இதை நேத்திக்குச் சொல்லியிருந்தாக்கூட ரயில் ஏறியிருப்பேனே, வேலாயுதம். திருச்சியிலே எவனாவது காப்பிக் கடைக்காரன் ரேடியோ வச்சிருக்க மாட்டானா?"

சரக்கு இல்லாத கடையால் யாரும் கெட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. சரக்கு நாளைக்கு வருகிற கடையில், நல்ல விற்பனையாளன் என்ற பெயரோடு, ஆறு வருஷம் வேலை பார்த்தவன் நான்.