சோப்பு நுரையில் பாஸான கணப்பு

கேஸைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நாற்பத்திரண்டு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கைக்கு என் இன்ஜினியரிங் பட்டம்கூடக் காரணமில்லை. ஒன்பதாம் வகுப்பிலிருந்து எங்கள் வீட்டில் சிலிண்டர் மாற்றியவன் நான். உள்ளே வாஷர் இருக்கிறதா என்று பார்த்து, ரெகுலேட்டரைப் பொருத்தி, துணி சோப்பைக் கரைத்து நுரையைக் கழுத்தில் தடவி, குமிழி வராவிட்டால் "பத்த வெக்கலாம்" என்று அறிவிக்கும் அதிகாரம் என்னிடம் இருந்தது. அதற்கு மேலும் சந்தேகம் வந்தால் மூக்கு இருக்கவே இருக்கிறது. நாறினால் ஆபத்து, நாறாவிட்டால் காபி. என் கேஸ் அறிவு மொத்தமும் இவ்வளவுதான். இதை எடுத்துக்கொண்டுதான் கடல் தாண்டி வந்தேன்.

ஆக்லாந்தில் பத்து வருஷம் வாடகை வீடுகளில் நடுங்கிவிட்டு, பிளாக்ஹவுஸ் பேயில் ஒரு பழைய மரவீட்டை மார்ட்கேஜில் வாங்கினோம். கூடத்தில் ஒரு கேஸ் கணப்பு. சுவரில் பதித்த இரும்புப் பெட்டி, அதற்குள் பீங்கானில் செய்த பொய் விறகு, அந்த விறகின் இடுக்குகளில் நிஜத் தீ, புகை போக மேலே கூரை வரை ஒரு குழாய். வீட்டை விற்ற ஏஜென்ட் அதன் முன்னால் நின்று, கைகளைத் தேய்த்துக்கொண்டு, "கேரக்டர்" என்றார். ஜன்னல் மூடாது, தரை கிறீச்சிடும், சுவரில் காற்று வரும் என்கிற மூன்று செய்திகளையும் இந்த ஊரில் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது விளங்காததால் நானும் பல்லைக் காட்டி, "நைஸ் கேரக்டர்" என்றேன்.

அந்தக் குளிர்காலத்துக்கு மாமனார் வருவதாக முடிவானது. கோயம்புத்தூர்க்காரர். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மாமியார் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்த வீட்டில் அவர் தனியாக டிவியோடு பேசிக்கொண்டிருப்பது, அவர் இன்னும் 'பாப்பா' என்றே கூப்பிடும் என் மனைவிக்குத் தாங்கவில்லை. மூன்று மாதம் வந்து இருங்கள், பிடித்தால் விசாவை நீட்டிக்கலாம் என்று கெஞ்சிக் கூட்டி வந்தாள். அவரைக் கூடத்தில், கணப்புக்கு எதிரே சோபாவில் குடிவைப்பதாகத் திட்டம். குளிரிலிருந்து அவரைக் காப்பாற்றும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை, நானேதான் எடுத்துக்கொண்டேன்.

முதலில் காற்றைப் பிடித்தேன். ஈரக் கையை நீட்டியபடி வீடு முழுக்கச் சுற்றி, சிலுசிலுவென்று வந்த இடத்தையெல்லாம் பழுப்பு பேக்கிங் டேப்பால் ஒட்டினேன். கூடத்துச் சுவரில், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், கணப்புக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டை. வெளியே கம்பி வலை, உள்ளே பட்டை பட்டையாகத் தகடு. எந்த முட்டாள் குளிர் நாட்டில் சுவரில் ஓட்டை போட்டுவைத்தான் என்று திட்டிக்கொண்டே, பீரோவிலிருந்து ஒரு வேட்டியை எடுத்துச் சுருட்டி உள்ளே திணித்து, மேலே டேப் ஒட்டி, ஒட்டு தெரியாமல் இருக்க முருகன் காலண்டரை அங்கே மாட்டினேன். முழங்கால் உயரத்தில் முருகன் எதற்கு என்று மனைவி கேட்டாள். "மாமா சோபால படுத்துட்டே கும்பிடலாம்ல," என்றேன்.

அடுத்தது சர்வீஸ். ஒரு வீடியோ பார்த்தேன். பாதிதான் பார்த்தேன், மீதியில் ஆள் எச்சரிக்கை செய்துகொண்டிருந்தான். பீங்கான் விறகுகளை எடுத்துப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, வாக்குவம் போட்டு, பொங்கலுக்கு அடுப்பு மூட்டுவதுபோலக் குறுக்கும் நெடுக்குமாக அழகாக அடுக்கினேன். கடைசியில் ஒரு துண்டு மீந்தது. எதைக் கழற்றி மாட்டினாலும் எனக்கு ஒன்று மிஞ்சும், அது என் கைராசி. அதைத் துணி துவைக்கும் அறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தேன். கேஸ் குழாயின் மூட்டுகளில் சோப்பு நுரை தடவினேன். ஒரு குமிழி இல்லை. பற்றவைத்தேன். முன்பு நீலமாக, கஞ்சத்தனமாக எரிந்த தீ இப்போது மஞ்சளாக, தாராளமாக, நாக்கு நீட்டி ஆடியது. கலைஞனின் கைபட்டதும் தீக்கே உற்சாகம் வந்துவிட்டது என்று நினைத்தேன். முகர்ந்து பார்த்தேன். வாசனை இல்லை. பாஸ்.

மாமனார் வந்த நான்காம் நாள் சாயங்காலம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"மாப்ள, தல விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுங்க."

"ஜெட்லாக் மாமா."

ஐந்தாம் நாளும் தெறித்தது. ஆறாம் நாள் குமட்டலும் சேர்ந்தது. அவர் வந்த நாளிலிருந்து எங்கள் ஆக்லாந்துத் தமிழர் வாட்ஸாப் குழுவில் மருத்துவர்களுக்குக் குறைவில்லை. பாட்டனி டவுன்ஸிலிருந்து ஒருவர் பித்தம் என்றார். நியூ லின்னிலிருந்து ஒருவர் கண் திருஷ்டி என்று சொல்லி மிளகாய் சுற்றும் முறையை ஆடியோவாகவே அனுப்பினார். நான் என் பங்குக்குத் தைலம் தடவினேன். மனதுக்குள் நான் கண்டுபிடித்த நோயின் பெயர் வேறு: மகள் வேலை முடிந்து வருகிற நேரம் பார்த்து வரும் தலைவலி. காலையில் கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு வரும்போது மனுஷன் பாட்டு முணுமுணுக்கிறார். கோவிலில் இரண்டு தடவை சர்க்கரைப் பொங்கல் வாங்கிச் சாப்பிடுகிறார். வீட்டுக்குள் வந்து, என் கணப்புக்கு எதிரில் உட்கார்ந்து, நான் சமைக்க ஆரம்பித்த அரை மணியில் தலை பிடிக்கிறது. இது என் சமையல் மேல் வைக்கும் விமர்சனமல்லாமல் வேறென்ன?

எனக்கும் சாயங்காலம் தலை கனத்தது. அது மேனேஜரால் என்று இருந்துவிட்டேன்.

மூன்றாம் வாரம் அவர் சொன்னார்: "தப்பா நெனச்சுக்காதீங்க மாப்ள. இந்த ஊரு எனக்கு ஒத்துக்கலீங்க. டிக்கெட்ட முன்னால மாத்திருங்க, நான் கெளம்பறன்."

மனைவி என்னைப் பார்த்த பார்வையில், அவள் அப்பாவை விரட்ட நான் போட்ட சதி அம்பலமானது போல இருந்தது. அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள், எதையும் பொறுமையாகத்தான் யோசிப்பாள். அன்று பாத்திரம் கழுவியபடியே கேட்டாள்.

"வெளில போனா அப்பாவுக்கு வலிக்கறதில்ல. ஏங்க?"

"நடிப்புன்னு சொல்லல, ஆனா..."

"ஃபயர் போடாத நாள் ஏதாவது இருந்துச்சா?"

"அது பக்காவா இருக்கு. சோப்பு போட்டுப் பாத்தேன், லீக்கே இல்ல. வாசனையும் இல்ல."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கணப்பை அணைத்தாள். ஜன்னல்களைத் திறந்தாள். "வாசனையே இல்லாத ஒண்ணு இருக்கு. இனிமே யாராவது வந்து பாக்கற வரைக்கும் இதைத் தொடக் கூடாது," என்றாள். அப்பாவை அப்போதே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். வீட்டில் ஒரு இன்ஜினியர் இருக்கும்போது ஆள் கூப்பிடுவதா என்று நான் முணுமுணுத்ததை ஜன்னல் வழியாக வந்த குளிர்காற்று மட்டும் கேட்டது.

சனிக்கிழமை காலை வேனில் வந்து இறங்கிய கேஸ் ஃபிட்டர் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண். என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கலாம். சட்டைப் பையில் சின்னதாக ஒரு மீட்டர். கணப்பின் முன்னால் மண்டி போட்டு டார்ச் அடித்தாள். சுவரில் கணப்புக்கு மேலே படிந்திருந்த கரியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அண்ணை, இதை ஆர் கடைசியா சேர்விஸ் செய்தது?"

"நான்தாங்க."

"லைசென்ஸ் இருக்கோ?"

"இல்ல. வீடியோ பாத்து..."

"ஓம், ஓம். நானும் பிளேன் ஓடுற வீடியோ பாக்கிறனான். இன்னும் ஒருத்தரும் என்னை நம்பி ஏறேல்லை."

சோபாவில் போர்வைக்குள்ளிருந்து மாமனார் சிரித்தார். அவர் வந்ததிலிருந்து சிரித்த முதல் சிரிப்பு. நியாயமாகப் பார்த்தால் நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

அவள் கையோடு கொண்டுவந்திருந்த படத்தை விரித்தாள். ஒவ்வொரு விறகுத் துண்டும் எங்கே உட்கார வேண்டும் என்று அதில் எண் போட்டிருந்தது. "இதிலை ஏழு துண்டு. இஞ்ச ஆறுதான் கிடக்கு. அதுவும் நெருப்புக்கு மேலை குறுக்காலை வச்சிருக்கிறியள். நெருப்பு விறகிலை முட்டினா ஒழுங்கா எரியாது, கரிதான் கக்கும். மற்றது எங்கை?"

நான் யோசிப்பதுபோல் கூரையைப் பார்த்தேன்.

"ஏனுங்க மாப்ள," என்றார் மாமனார், "தொவைக்கற ரூம்புக் கதவுக்கு முட்டுக் குடுத்து வெச்சிருக்கறீங்களே, அதுங்களா?"

பிறகு சோதனை. எல்லா ஜன்னலையும் கதவையும் சாத்தச் சொன்னாள். கணப்பைப் பற்றவைத்துக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். தீக்குச்சி போல ஒன்றை எடுத்தாள். அது எரியாமல் புகையை மட்டும் விட்டது. அதைக் கணப்பின் வாய்க்கு மேல் விளிம்பில் பிடித்தாள். புகை உள்ளே போனால் குழாய் இழுக்கிறது என்று அர்த்தம். புகை போவோமா வேண்டாமா என்று தயங்கிவிட்டு, மனமில்லாமல் உள்ளே போனது. நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

"இப்ப குசினியிலை ஃபேனைப் போடுங்கோ."

"எதுக்குங்க? இப்ப யாரும் தாளிக்கலையே."

"தாளிக்கேக்கை போடுறனீங்கள்தானே? போடுங்கோ."

எங்கள் வீட்டு அடுப்புக்கு மேல் இருக்கும் புகை இழுக்கும் ஃபேன் சாதாரணமானதல்ல. ஒருநாள் ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர் என் ஜாக்கெட்டை முகர்ந்துவிட்டு நாசூக்காக ஜன்னலைத் திறந்தார். அந்த அவமானத்தில் கடையிலேயே பெரியதாகப் பார்த்து நான் வாங்கி மாட்டியது. பெருங்காயம் வாணலியிலிருந்து கிளம்புவதற்குள் அதைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். அதைப் போட்டேன்.

குச்சியின் புகை அப்படியே நின்றது. திரும்பியது. கணப்புக்குள்ளிருந்து கூடத்துக்குள் நிதானமாக நடந்து வந்து, சோபாவைத் தாண்டி, சமையலறைப் பக்கம் போனது. அவள் சட்டைப் பையில் மீட்டர் கத்தியது. அடுத்த நொடி அவள் கணப்பை அணைத்துவிட்டாள்.

"எல்லாரும் வெளியிலை வாங்கோ. கதவைத் திறந்து விடுங்கோ."

தூறலில், வாசலை ஒட்டிய மரத்தளத்தில் நான்கு பேரும் நின்றோம். அவள் கோபப்படாமல்தான் சொன்னாள். "உங்கடை ஃபேன் காத்தை வெளியிலை தள்ளுது. தள்ளின காத்துக்கு வேறை காத்து உள்ளை வரோணும். வீட்டிலை ஒரு வழியும் இல்லாட்டி புகைக்குழாய்க்குள்ளாலைதான் அது வரும். புகையையும் கூட்டிக்கொண்டு வரும். அதிலை இருக்கிறது கார்பன் மோனாக்சைட். மணக்காது. தெரியாது. ஐயா அதுக்கு முன்னாலைதானே இருந்தவர்?"

மாமனாரின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மூன்று வாரம், ஒவ்வொரு சாயங்காலமும், நான் சாம்பாருக்குத் தாளிக்கத் தாளிக்க அவர் அதைச் சுவாசித்திருக்கிறார். நான் அதற்கு நடிப்பு என்று பெயர் வைத்திருந்தேன்.

"ஆனா இந்த அறைக்கு ஒரு காத்துவழி இருக்கோணுமே," என்று அவள் வெளிச்சுவரோரமாகக் குனிந்தாள். "வெளியிலை வலை கிடக்கு. உள்ளுக்கு எங்கை?"

உள்ளே போனாள். முருகனை மரியாதையாகக் கழற்றி சோபாவில் வைத்தாள். டேப்பை உரித்தாள். இழுத்தாள். வந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஜரிகைக் கரையும் வந்தது.

மாமனார் அதை வாங்கி விரித்துப் பார்த்தார். "தலதீவாளிக்கு நான் எடுத்துக் குடுத்ததுங்களா இது?"

"ஒரு தடவ கட்டுனனுங்க மாமா."

மனைவி அதை வாங்கித் தூசியைத் தட்டி மடித்தாள். திட்டியிருந்தால் பரவாயில்லை.

என் வேலை என்ன என்று யாராவது கேட்டால் பெருமையாகச் சொல்வேன்: சர்வர்களைக் கண்காணிப்பது. உலகத்தின் மறுமூலையில் ஒரு டிஸ்க் சூடானால் என் போன் அலறும். அப்படிப்பட்டவன் வீட்டில் ஒரே ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லை. இருந்ததெல்லாம் ஒரு மூக்கு. அதுவும் எனக்குத் தெரிந்ததை மட்டும் முகர்கிற மூக்கு.

ஃபிட்டர் பர்னரைச் சுத்தம் செய்து, காற்றுவழியைத் திறந்துவிட்டு, முட்டுக் கொடுத்ததில் நுனி உடைந்த ஏழாவது விறகுக்குப் பதிலாகப் புதியது வரும்வரை கணப்பைப் பற்றவைக்கக் கூடாது என்று எழுதி ஒட்டிவிட்டுப் போனாள். அந்த நாட்களில் சின்ன மின்சார ஹீட்டருக்கு முன்னால் குரங்குக் குல்லாவோடு உட்கார்ந்திருந்த மாமனாருக்கு ஒருநாள்கூடத் தலை வலிக்கவில்லை. கணப்பை அணைத்த அன்று பார்த்த டாக்டரும் பயமில்லை என்று சொல்லியிருந்தார். டிக்கெட்டைப் பற்றி மாமனார் எதுவும் பேசவில்லை.

புதிய விறகு வந்தது. அவள் மறுபடி வந்து, படத்தைப் பார்த்து ஏழையும் அடுக்கி, கேஸ் அழுத்தம் பார்த்து, ஃபேனைப் போட்டுச் சோதித்தாள். பாதியில் புகைக்குச்சி தீர்ந்துபோனது. வேனுக்குப் போகக் கிளம்பியவளிடம் மனைவி பூஜை அலமாரியிலிருந்து ஊதுபத்தியைக் கொடுத்தாள். மல்லிகை மணத்தோடு புகை நேராகக் கணப்புக்குள் போனது. தீ சிறியதாக, நீலமாக, கஞ்சத்தனமாக எரிந்தது. அவள் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, "வருசா வருசம் கூப்பிடுங்கோ அண்ணை. வீடியோவைக் கூப்பிடாதேங்கோ," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் மாமனார் கூடத்துக்கு வரவில்லை. படுக்கையறையில் போர்வைக்குள் இருந்தார். யார் வருவார்கள்? கணப்பைப் போட்டு, மனைவியைத் தாளிக்கச் சொல்லி, அவருடைய இடத்தில் நான் போய் உட்கார்ந்தேன். மறுநாளும் உட்கார்ந்தேன். தலை வலிக்கிறதா என்று நானே என்னைக் கேட்டுக் கேட்டு, நிஜமாகவே லேசாக வலிக்க ஆரம்பித்தது. அலாரத்தைப் பார்த்தேன். அதற்கு என் கற்பனையில் அக்கறை இல்லை.

மூன்றாம் நாள் குல்லாவோடு வந்து பக்கத்தில் நின்றார்.

"நகருங்க மாப்ள."

நகர்ந்தேன். உட்கார்ந்தார். கைகளைத் தீயில் காட்டினார்.

"வலிக்குதுங்களா மாமா?"

"இப்பத்தானுங்க உக்காந்தன்."

பத்து நிமிஷம் பொறுத்தேன். "இப்ப?"

"இல்லீங்க."

"லேசாக்கூட?"

அவர் டிவி ரிமோட்டை எடுத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "நீங்க இப்பிடிக் கேட்டுட்டே இருந்தீங்கன்னாத்தான் வலிக்கும். விசா நீட்டறதுக்கு என்னமோ ஃபாரம் இருக்குன்னு பாப்பா சொல்லுச்சு, அத எடுத்தாங்க. நீங்க நெரப்ப வேண்டாம். பாப்பாவே நெரப்பட்டும்."