வட்டி தொடாத மனுசன்

வட்டி ஹராம், வட்டிக்குக் கடன் வாங்க மாட்டேன் என்று கற்பிட்டி மீன்பிடித் துறையில் பெருமையடித்தவன் நான். படகு இஞ்சினைக் கிரெடிட் கார்டில் வாங்கிவிட்டு, பில்லில் போட்டிருந்த ஆகக் குறைந்த தொகையை மாதாமாதம் தவறாமல் கட்டினேன். கடன் கரைகிறது என்றே நம்பினேன். இரண்டு வருடம் கழித்து என் மனைவி பில்லை வாசித்தாள்.

“இஞ்ச பாருங்க, இஞ்சின் காசு அப்படியே நிக்குது. நீங்க கட்டினதெல்லாம் வட்டி.”

“கார்டுக்கு ஏது வட்டி?” என்றேன்.

“பேரை மாத்தினாப் பண்டி ஆடாகுமா? ஹராம் ஹராம்தான்.”

ஓட்டைத் தோணியில் தண்ணீர் இறைத்த கதைதான். இஞ்சினை விற்றும் போதாமல் அவளுடைய காப்பையும் விற்றுக் கடனை அடைத்தேன்.

இப்போது அடுத்தவர் படகில் கூலிக்குப் போகிறேன். “வட்டி தொடாத மனுசன்” என்று படகுச் சொந்தக்காரரான சம்மாட்டி, நடந்தது தெரியாமல், என்னை மற்றவர்களுக்குக் காட்டுகிறார். நான் நிமிராமல் வலையை இழுக்கிறேன்.